‘நல்லா இருக்குண்ணே’ என்றால் எத்தனை மார்க்?

ரெண்டு வட்டி என்றால் என்னவென்று காரைக்குடிப் பக்கம் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய், வருஷத்துக்கு 24. இதையே பேங்க்காரர் 24 சதவீதம் என்பார். கொடுத்தவரும் வாங்கியவரும் இதில் ஒருநாளும் குழம்ப மாட்டார்கள், குழம்புவதெல்லாம் அந்தக் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற நாம்தான். ஒரு ஃபைலில் ரேட் என்று ஒரு வேரியபிள் (எண்ணைப் போட்டு வைக்கிற பெயர்), அதில் 2 இருக்கும். இன்னொருவர் எழுதிய ஃபைலில் அதே ரேட், அதில் 24 இருக்கும். நகைக்கடன் சாஃப்ட்வேர் என்றால் கேட்கவே வேண்டாம், எட்டு கிராம் ஒரு பவுன், எடை என்ற கட்டத்தில் 16 என்று இருந்தால் அது இரண்டு பவுன் சங்கிலியா பதினாறு பவுன் ஆரமா என்று புரோகிராமைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

என் ஆராய்ச்சி இந்தக் குழப்பத்தைப் பற்றித்தான். எந்த எண் ரூபாய், எது கிராம், எது மாத வட்டி, எது ஆண்டு வட்டி என்று பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதும்போதே அடையாளம் வைத்துவிட்டால், கிராமையும் பவுனையும் கூட்டப் போகிற வரியை ஓடுவதற்கு முன்பே பிடித்துக் காட்டும் ஒரு செக்கர். யோசனை ஒன்றும் புதிதில்லை. எஃப் ஷார்ப் மொழியில் அலகுகளைச் சரிபார்க்கிற வசதி பல வருஷமாக இருக்கிறது. இந்த வகைக் கட்டுரைகள் பெரும்பாலும் 1999இல் செவ்வாய்க்குப் போய்த் தொலைந்த மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலத்தில் இருந்து தொடங்கும் (ஒரு தரப்பு பவுண்டுக் கணக்கில் கொடுத்த எண்ணை இன்னொரு தரப்பு நியூட்டன் கணக்கு என்று எடுத்துக்கொண்டது). நான் அடகுக்கடையில் இருந்து தொடங்கினேன். என் பங்குக்குப் புதுமை அவ்வளவுதான்.

செக்கர் தப்பு செய்யாது என்று கணக்குப் போட்டு நிரூபிக்க நாலு மாதம் ஆனது. அதை வைத்து எழுதுகிற ஆளுக்கு அது உதவுகிறதா என்று கண்டுபிடிக்கப் போனேன், ஒன்றரை வருஷம் ஓடிவிட்டது. புரோகிராம் எழுதுகிறவரின் அனுபவத்தை டெவலப்பர் எக்ஸ்பீரியன்ஸ் என்று இரண்டு வார்த்தையில் சொல்லிவிடுகிறோம், அதை அளக்கப் போனால் கையில் நிற்க மாட்டேன் என்கிறது. நான் சறுக்கிய இடங்களை மட்டும் இங்கே எழுதுகிறேன், இந்தப் பக்கம் வருகிற வேறு யாருக்காவது உதவட்டும்.

முதல் சறுக்கல் கோட்டையூரில். அங்கே எங்கள் ஐயா வீடு இருக்கிறது, பதினோரு பங்கு, கல்யாணம் படைப்பு என்றால் மட்டும் எல்லாக் கதவும் திறக்கும். மற்ற நாளில் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆச்சி ஒருவர் மட்டும். முகப்பில் ஆத்தங்குடிக் கல் பாவியிருப்பதால் சித்திரையிலும் காலுக்குக் குளிர்ச்சி, பத்துப் பேர் லேப்டாப்போடு உட்காரலாம். ஆய்வு நடத்த இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும் என்று நினைத்தேன். மனிதர்களை வைத்து ஆய்வு செய்ய நெறிமுறைக் குழு அனுமதி வேண்டும், அது மூன்று வாரத்தில் வந்துவிட்டது. பங்காளிகள் அனுமதிக்குத்தான் இரண்டு மாதம் ஆனது.

பன்னிரண்டு பேர் வந்தார்கள். ஏழு பேர் கடைசி வருஷ மாணவர்கள், ஐந்து பேர் காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் ஃபைனான்ஸ் கடைகளுக்கு சாஃப்ட்வேர் எழுதிக்கொடுப்பவர்கள். ஆளுக்கு இரண்டு வேலை, ஒன்றை வழக்கமான டைப் செக்கரோடும் (எண்ணா எழுத்தா என்ற வகையை மட்டும் பார்ப்பது) மற்றதை என்னுடைய செக்கரோடும் செய்ய வேண்டும். முடிந்ததும் ஒரு படிவம். ஆச்சி காலையிலேயே வெள்ளைப் பணியாரம், வரமிளகாய்த் துவையல், கும்மாயம் என்று அடுக்கிவிட்டார். வந்த பிள்ளைகளை வெறும் டீயோடு அனுப்புவதா என்று கேட்டார், நானும் மறுக்கவில்லை. போகும்போது ஆளுக்கு ஐந்நூறு ரூபாய்க் கவர்.

படிவத்தைப் பார்த்தால் என் செக்கர் அற்புதம். நேரில் கேட்டாலும் அதேதான், “நல்லா இருக்குண்ணே, சூப்பரா இருக்குண்ணே.” படிவம் நானாகத் தயாரித்தது கூட இல்லை, ஜான் புரூக் 1986இல் உருவாக்கிய சிஸ்டம் யூசபிலிட்டி ஸ்கேல். பத்து வாக்கியம், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை, கடைசியில் நூற்றுக்கு ஒரு மதிப்பெண். அதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஒற்றைப்படை வாக்கியங்கள் பாராட்டாக இருக்கும், இரட்டைப்படை வாக்கியங்கள் குறையாக இருக்கும். படிக்காமல் வரிசையாக எல்லாவற்றுக்கும் 5 போட்டுவிட்டால் நூறு வராது, 50தான் வரும். எனக்கு வந்ததில் இரண்டு படிவம் மிகச் சரியாக 50. அந்த இரண்டு பேரும்தான் வாசல் வரை வந்து கையைப் பிடித்துப் பாராட்டிவிட்டுப் போனவர்கள்! இப்படிச் சொட்டு மை கூட வீணாகாமல் நேர்க்கோட்டில் 5 போட்டவர்களை முதலில் கழித்துவிட்டு அப்புறம் சராசரி போடுங்கள்.

சாயங்காலம் தட்டெடுத்த ஆச்சி, “கும்மாயத்த ஆறு பேரு அப்படியே வச்சுட்டுப் போயிருக்காக, கருப்பட்டி கூடிப்போச்சு போல” என்றார். ஆறு பேரும் ஆச்சியிடம் ரொம்ப நல்லா இருந்தது என்று சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார்கள். ஆச்சி அதை ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை. விருந்துக்கு வந்தவர் வேறு என்ன சொல்வார்? அடுத்த முறை கருப்பட்டியைக் குறைத்தார். நான் அந்தப் பன்னிரண்டு படிவத்தையும் எக்ஸெல்லில் ஏற்றி சராசரி போட்டுக்கொண்டிருந்தேன்.

இதை யாரோ ஏற்கெனவே அளந்து வைத்திருக்கிறார்கள் என்பது அப்புறம்தான் தெரிந்தது. 2012இல் வெளியான ஓர் ஆய்வு, பெங்களூரில் 450 பேரிடம் கேட்டது. ஒரே மாதிரியான இரண்டு பொருளைக் காட்டி, இதில் ஒன்று நான் செய்தது என்று கேட்பவர் சொன்னால், மக்கள் அவர் செய்ததையே தேர்ந்தெடுக்கிற வாய்ப்பு சுமார் இரண்டரை மடங்கு கூடுகிறது. கேட்பவர் மொழிபெயர்ப்பாளரோடு வந்த வெளிநாட்டு ஆராய்ச்சியாளர் என்றால் ஐந்து மடங்கு. நான் வெளிநாட்டுக்காரன் இல்லைதான், ஆனால் பணியாரமும் கொடுத்து, கவரும் கொடுத்து, பி.எச்டி. பண்ணுகிற அண்ணன் என்ற பெயரும் இருந்தால் எத்தனை மடங்கு என்று யார் அளப்பது.

அடுத்த சுற்றில் இதையெல்லாம் மாற்றினேன். இரண்டு செக்கருக்கும் பூவரசு, புங்கை என்று பெயர் வைத்தேன், எது யாருடையது என்று சொல்லவில்லை. நான் அந்த அறையிலேயே இல்லை, கம்ப்யூட்டர் சம்பந்தமே இல்லாத ஒரு நண்பர் உட்கார்ந்து நடத்தினார். பிடித்ததா என்ற கேள்வியை எடுத்துவிட்டு, “கடைசியா எந்த இடத்துல நின்னு யோசிச்சீங்க?”, “நாளைக்கு இத அழிச்சுட்டா உங்க வேலையில எது கஷ்டமாகும்?” என்று கேட்கச் சொன்னேன். இரண்டாவது கேள்விக்கு ஒரு மாணவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு “ஒண்ணும் ஆகாதுண்ணே” என்றார். ஒன்றரை வருஷத்தில் எனக்குக் கிடைத்த முதல் உண்மையான தகவல் அது. சம்மதப் படிவத்தையும் தமிழில் எழுதிவிட்டேன். இங்கிலீஷில் இருந்தபோது யாரும் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்கள், தமிழில் கொடுத்ததும் ஒருவர், “ஸ்கிரீன் ரெக்கார்ட் பண்ணுவீங்களா, அப்ப என் வாட்ஸ்ஆப்ப மூடிக்கிறேன்” என்றார். முதல் சுற்றில் எத்தனை பேருடைய வாட்ஸ்ஆப் பதிவாகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்து, போய்த் தேடி, அந்தப் பகுதிகளை அழித்தேன்.

சரி, வாய் பொய் சொல்லும், கடிகாரம் சொல்லாது என்று நேரத்தை அளக்கப் போனேன். அது தனிக் கதை.

வேலை நாற்பது நிமிஷம் பிடிக்கும் என்பது என் மதிப்பீடு. தேவகோட்டையில் இருந்து வந்த ஒருவர் பதினைந்து நிமிஷத்தில் முடித்துவிட்டார். என் செக்கர் போட்ட நேரக் கணக்கில் அவர்தான் முதலிடம், நான் சந்தோஷத்தில் ரெக்கார்டிங்கைப் போட்டுப் பார்த்தால், செக்கர் சிவப்பு காட்டிய ஒவ்வொரு வரிக்கும் கடைசியில் ‘டைப் இக்னோர்’ என்று ஒரு குறிப்பைப் போட்டு வாயை அடைத்திருக்கிறார். சிவப்பு எல்லாம் போனது, வேலை முடிந்தது. அவர் மேல் தப்பே இல்லை, கடையில் மாதக் கடைசியில் அவர் செய்வது அதைத்தான். இன்னொருவர் எழுபது நிமிஷம் எடுத்தார். அவர் உதவிப் பக்கத்தை முதல் வரியில் இருந்து கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் கீபோர்டில் கை வைத்தார். அவர் எழுதிய கோட்தான் பன்னிரண்டில் மிகச் சுத்தமானது. அட்டவணையில் முன்னவர் சிங்கம், பின்னவர் ஆமை.

ஆளுக்கு ஆள் இருக்கிற இந்த வித்தியாசம் இந்தத் துறையின் பழைய தலைவலி. 1968இல் சேக்மன், எரிக்சன், கிராண்ட் மூவரும் பன்னிரண்டு புரோகிராமர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள் (நானும் பன்னிரண்டு, எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்). அவர்கள் பார்க்க வந்தது கம்ப்யூட்டரில் நேரடியாக உட்கார்ந்து எழுதுவது நல்லதா, எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது நல்லதா என்பதை. உலகம் நினைவில் வைத்திருப்பது அதை இல்லை, மிக மெதுவான ஆளுக்கும் மிக வேகமான ஆளுக்கும் 28 மடங்கு வித்தியாசம் என்ற ஒற்றை எண்ணை. 1999இல் லூட்ஸ் பிரெஷெல்ட் அந்தத் தரவைத் திரும்ப எடுத்துப் பார்த்து, அந்த 28, படிப்பவரைத் தப்பான பக்கம் இழுத்துப் போகிற எண் என்று எழுதினார். 28 இல்லாவிட்டாலும் போகட்டும், மூன்று நாலு மடங்கு வித்தியாசம் இருந்தாலே என் கதை முடிந்தது. என் செக்கர் பத்து இருபது சதவீதம் உதவியிருந்தால்கூட அது இந்த இரைச்சலில் அமுங்கிவிடும்.

அதற்குத்தான் ஒரே ஆளை இரண்டு செக்கரிலும் உட்கார வைத்து அவரை அவரோடே ஒப்பிடுவது. பாதிப் பேருக்குப் பூவரசு முதலில், மீதிப் பேருக்குப் புங்கை முதலில். புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது, நானும் செய்தேன். ஆனால் என் செக்கரை முதலில் பார்த்தவர்கள் இரண்டாவது வேலைக்குப் போனபோது, அங்கே என் செக்கர் இல்லாவிட்டாலும், ரேட் என்று எழுதாமல் மாச வட்டி, வருஷ வட்டி என்று தாங்களாகவே வேரியபிளுக்குப் பெயர் வைக்க ஆரம்பித்துவிட்டார்கள். பெயர் சரியாக இருந்ததால் தப்பும் குறைந்துவிட்டது. கணக்குப்படி பார்த்தால், என் செக்கர் இல்லாமலே அவர்கள் நன்றாகச் செய்தார்கள், ஆகவே என் செக்கர் வேண்டாம்! உண்மையில் அது கற்றுக்கொடுத்த பழக்கம்தான் அடுத்த அறைக்கும் நடந்து போயிருக்கிறது. இதை எப்படிப் பிரித்து எடுப்பது என்று வழிகாட்டியிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, “பிரிக்காதீங்க, அதையே எழுதுங்க” என்றார். கேட்டபோது கோபம் வந்தது, இப்போது அதுதான் என் ஆய்வேட்டின் ஐந்தாம் அத்தியாயம்.

பழக்கமான மொழி குறுக்கே வராமல் இருக்க ஸ்டெஃபான் ஹானன்பெர்க் 2010இல் வேறு வழி பிடித்தார். சோதனைக்கென்றே புதிதாக ஒரு மொழியை உருவாக்கி, அதில் டைப் (எந்த வேரியபிளில் எந்த வகை மதிப்பு என்ற அறிவிப்பு) உள்ளது ஒன்று, டைப் இல்லாதது ஒன்று என்று இரண்டு வகை செய்து, 49 மாணவர்களை ஒரு பார்சர் (எழுதியதைப் படித்துப் பிரிக்கிற புரோகிராம்) எழுதச் சொன்னார். டைப் இருந்ததால் நேரம் மிச்சமானதாகத் தெரியவில்லை. உடனே, மாணவர்கள்தானே, பழகாத மொழிதானே, பெரிய புராஜெக்ட் இல்லையே என்று கேள்விகள். எல்லாமே நியாயமான கேள்விகள். ஒரு ஓட்டையை அடைத்தால் இன்னொன்று திறக்கிற வேலை இது. ஓட்டையே இல்லாத சோதனை என்று யாராவது சொன்னால் நான் இப்போதெல்லாம் நம்புவதில்லை, எந்த ஓட்டையோடு வாழப் போகிறோம் என்பதை முன்கூட்டியே முடிவு செய்து எழுதி வைத்துவிட வேண்டியதுதான். ஆட்களை உட்கார வைப்பதற்கு முன்பே எழுதுங்கள். முடிவைப் பார்த்த பிறகு எழுதினால் கை தானாக வளையும், என் கை வளைந்தது.

மூன்றாவது, மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வேலை செய்யச் சொல்வது. நல்ல முறை என்று எல்லாரும் சொல்வார்கள். நான் வழிமுறைத் தாளை இங்கிலீஷில் அச்சடித்திருந்தேன், அதைப் படித்துவிட்டு இவர்களும் இங்கிலீஷில்தான் பேச வேண்டும் போல என்று நினைத்துக்கொண்டார்கள். விளைவு, முகப்பில் நாற்பது நிமிஷம் ஃபேன் சத்தம் மட்டும். நடுநடுவே ஒருவர் “நவ் ஐ ஆம் டைப்பிங்” என்பார். அதான் தெரிகிறதே தம்பி.

இரண்டாம் சுற்றில் தமிழில் பேசலாம் என்று சொன்னேன், கொஞ்சம் தேவலை. அப்புறம் ஒருநாள் ஒரு லேப்டாப் கெட்டுப்போய், வேறு வழியில்லாமல் இரண்டு நண்பர்களை ஒரே மெஷினில் உட்கார வைத்தேன். அன்றைக்குத்தான் ஆய்வே தொடங்கியது என்று சொல்ல வேண்டும். பக்கத்தில் கூட்டாளி இருந்தால் யாரும் யோசனையைச் சொல்லத் தனியாகக் கேட்க வேண்டியதில்லை. “டேய் இது என்னடா லூசு மாதிரி சொல்லுது”, “விட்றா, அது அப்படித்தான் கத்தும்”, “இரு இரு, இது அரேயப் பத்திச் சொல்லுதுடா.” கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். என் எர்ரர் மெசேஜில் ‘டைமென்ஷன் மிஸ்மேட்ச்’ என்று எழுதியிருந்தேன். இயற்பியலில் அளவுகளைப் பற்றிப் பேசும்போது டைமென்ஷன் என்பது புழக்கத்தில் உள்ள வார்த்தை. ஆனால் பைத்தான் எழுதுகிற பிள்ளைக்கு டைமென்ஷன் என்றால் அரேயின், அதாவது எண்களை அடுக்கி வைக்கிற அட்டவணையின், நீள அகலம். அந்த இருவரும் இல்லாத அரேயை இருபது நிமிஷம் தேடினார்கள். பழைய ரெக்கார்டிங்குகளைத் திரும்பப் பார்த்தேன், முதல் சுற்றிலும் நாலு பேர் அதே அரேயைத் தேடியிருக்கிறார்கள், சத்தமில்லாமல். நாலு பேரும் படிவத்தின் கடைசியில் நான் தனியாகச் சேர்த்திருந்த ‘மெசேஜ் தெளிவாக உள்ளது’ என்பதற்கு 4 போட்டிருக்கிறார்கள். தனக்குப் புரியாததைத் தன் குறை என்று எடுத்துக்கொள்கிற பிள்ளைகளிடம் தெளிவாக இருக்கிறதா என்று கேட்டால் வேறு என்ன வரும்.

ஜோடியாக உட்கார வைத்தால் ஆளுக்கு இவ்வளவு நேரம் என்று பிரித்துச் சொல்ல முடியாது, எண் கெட்டுப்போகும். போகட்டும். எண்ணுக்கு ஒரு சுற்று, காதுக்கு ஒரு சுற்று என்று தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம், காதுச் சுற்றை முதலில் வையுங்கள். மெசேஜில் ஒரு தப்பு வார்த்தையை வைத்துக்கொண்டு ஐம்பது பேரிடம் நேரம் அளந்தால், அந்த வார்த்தையின் விலையைத்தான் அளந்திருப்பீர்கள்.

கேட்டதை எழுதி வைக்கவும் ஒரு மொழி வேண்டியிருந்தது. தாமஸ் கிரீன் 1989இல் தொடங்கிவைத்த ‘காக்னிட்டிவ் டைமென்ஷன்ஸ்’ என்ற சொல்தொகுப்பு எனக்குக் கை கொடுத்தது (இங்கேயும் டைமென்ஷன், என் ராசி). ஒரு சின்ன மாற்றம் செய்ய எத்தனை இடத்தைத் தொட வேண்டியிருக்கிறது என்பதற்கு அவர் விஸ்காசிட்டி என்று பெயர் வைத்தார், பாகு மாதிரிப் பிடித்துக்கொள்வது. ஒரு வேரியபிளை கிராமில் இருந்து பவுனாக மாற்ற ஒருவர் பதினாலு இடத்தைத் திருத்தியதைப் பார்த்தபோது, ‘பயன்படுத்தக் கடினம்’ என்று பொதுவாக எழுதாமல் எது கடினம் என்று எழுத அந்த வார்த்தை உதவியது.

நடுவில் ஒரு சந்தேகம் வந்தது. செக்கர் சொல்வது உதவுகிறதா, இல்லை சிவப்புக் கோடு போட்டாலே ஆள் இன்னொரு முறை பார்த்துவிடுகிறாரா? ஆண்ட்ரியாஸ் ஸ்டெஃபிக் குழு 2011இல் செய்த ஒரு வேலை ஞாபகம் வந்தது. அவர்கள் ராண்டமோ என்று ஒரு மொழி செய்தார்கள், அதன் குறியீடுகளைக் குலுக்கல் மாதிரி ஏதோ ஒன்றாகத் தேர்ந்தெடுத்தார்கள், மருந்து ஆராய்ச்சியில் வெறும் சர்க்கரை மாத்திரை கொடுப்பது போல. புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களிடம் கொடுத்துப் பார்த்ததில், பெர்ல் மொழியில் எழுதியவர்கள் ராண்டமோவில் எழுதியவர்களைவிடக் குறிப்பிடும்படி நன்றாகச் செய்யவில்லை. பெர்ல்காரர்களுக்குக் கோபம் வந்திருக்கும். நானும் ஒரு சர்க்கரை மாத்திரை செய்தேன். அதே சிவப்புக் கோடு, அதே இடம், ஆனால் காரணம் சொல்லாமல் ‘இந்த வரியைக் கவனிக்கவும்’ என்று மட்டும் வரும். பெரிய எதிர்பார்ப்போடு எழுதிய என் நீள நீளமான விளக்க மெசேஜுக்கும் அந்த ஒற்றை வரிக்கும் நடுவில், பவுன் கிராம் தப்பைப் பொறுத்தவரை, என்னால் வித்தியாசம் காட்ட முடியவில்லை. வட்டியில் மட்டும் காட்ட முடிந்தது, ஏனென்றால் 2, 24 இரண்டுமே பார்வைக்கு நியாயமான எண்கள், எத்தனை முறை உற்றுப் பார்த்தாலும் காரணம் சொல்லாமல் தெரியாது. இதைக் கண்டுபிடித்த அன்றைக்கு இரவு சாப்பிடப் பிடிக்கவில்லை, ஆனால் யோசித்தால் இந்தப் பன்னிரண்டு பேர் கதையில் உருப்படியான முடிவு இது ஒன்றுதான். உங்களிடம் புதுக் கருவி இருந்தால் அதன் மூளையை எடுத்துவிட்டு உடம்பை மட்டும் ஒரு முறை ஓடவிட்டுப் பாருங்கள்.

ஆட்களோடு மாரடிப்பதற்குப் பதில் கிட்ஹப்பில், அதாவது புரோகிராமர்கள் எழுதியதைப் பொதுவில் போட்டு வைக்கிற தளத்தில், கிடக்கிறதை அள்ளிப் புள்ளிவிவரம் போட்டால் என்ன என்று ஒரு மாதம் அலைந்தேன். 2014இல் அப்படி ஒரு பெரிய ஆய்வு வந்தது, 729 புராஜெக்ட், 17 மொழி, எந்த மொழியில் பக் (பிழை) அதிகம் என்று. 2019இல் வேறொரு குழு அதைத் திரும்பச் செய்து பார்த்தபோது முடிவுகளில் பெரும்பகுதி நிற்கவில்லை. அவர்கள் கண்டுபிடித்த ஒரு விஷயம் எனக்கு மறக்காது. டைப்ஸ்கிரிப்ட் மொழி என்று எண்ணப்பட்டவற்றில் கணிசமானவை டைப்ஸ்கிரிப்டே இல்லை, மொழிபெயர்ப்பு வாசகங்களை வைத்திருக்கிற ஃபைல்கள், இரண்டுக்கும் ஃபைல் பெயரின் வால் ஒன்று. டைப்ஸ்கிரிப்ட் வெளிவந்ததே 2012இல், அதற்கு முந்தைய தேதியிலும் கமிட் (மாற்றப் பதிவு) இருந்திருக்கிறது. லட்சக்கணக்கில் தரவு இருந்தாலும் பத்து ஃபைலைத் திறந்து கண்ணால் பார்க்காவிட்டால் இப்படித்தான். நான் அந்த யோசனையை விட்டுவிட்டேன்.

இப்போது ஏஐ வந்த பிறகு இந்தச் சண்டை இன்னும் சூடாகிவிட்டது. புரோகிராம் எழுத உதவும் ஏஐயான கிட்ஹப் கோபைலட் பற்றிய சோதனை ஒன்றில் 95 பேரை ஜாவாஸ்கிரிப்டில் ஒரு வெப் சர்வர் எழுதச் சொன்னார்கள், கோபைலட் வைத்திருந்தவர்கள் 55.8 சதவீதம் வேகம். 2025இல் மெட்ர் என்ற அமைப்பு அனுபவமுள்ள 16 ஓப்பன் சோர்ஸ் டெவலப்பர்களை அவரவர் சொந்த புராஜெக்டிலேயே 246 வேலைகளைச் செய்ய வைத்தது, ஏஐ பயன்படுத்திய வேலைகள் 19 சதவீதம் மெதுவாக முடிந்தன. இதில் என்னை நிறுத்தியது வேறு எண். தொடங்கும் முன் அவர்கள் 24 சதவீதம் வேகமாகும் என்று நினைத்தார்கள், எல்லாம் முடிந்த பிறகும் 20 சதவீதம் வேகமானதாக நம்பினார்கள். மெதுவாகச் செய்த ஆளுக்கே தான் மெதுவாகச் செய்தது தெரியவில்லை. அதே சமயம், வேகமாக இருந்தது போலத் தோன்றியதும் ஓர் அனுபவம்தானே, எக்ஸ்பீரியன்ஸ் என்ற வார்த்தையே அதற்குத்தானே இருக்கிறது? கடிகாரம் ஒன்று சொல்கிறது, ஆள் இன்னொன்று சொல்கிறார் என்றால், கடிகாரத்தை மட்டும் எழுதிவிட்டு ஆளை அடித்துவிட எனக்கு மனசில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடுகிறேன்.

கட்டுரையை ஒரு மாநாட்டுக்கு அனுப்பினேன். மூன்று பேர் படித்தார்கள். ஒருவர், ஆட்கள் குறைவு, பாதி மாணவர்கள், வேலைகள் பொம்மை வேலைகள் என்றார். இன்னொருவர், நிரூபணம் அழகாக இருக்கிறது, இந்த மனிதர்கள் சம்பந்தப்பட்ட பகுதியை எடுத்துவிட்டால் கட்டுரை பலமாகும் என்றார். அதாவது ஒன்றரை வருஷத்தை எடுத்துவிட்டால். மூன்றாமவர் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டரை ஏன் குறிப்பிடவில்லை என்று கேட்டிருந்தார். நிராகரித்துவிட்டார்கள். முதலாமவர் சொன்னதில் தப்பில்லை, ஆனால் வேலை செய்கிற ஐம்பது டெவலப்பர்களை நாலு மணி நேரம் உட்கார வைக்க என்ன செலவாகும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அடுத்த முறை, இத்தனை பேரை வைத்து என்ன சொல்ல முடியும், என்ன சொல்ல முடியாது என்பதைக் கடைசிப் பக்கத்தில் ஒளிக்காமல் இரண்டாம் பக்கத்திலேயே எழுதினேன். அது ஒரு சின்ன ஆய்வுப் பட்டறையில் ஏற்கப்பட்டது.

எல்லாம் முடிந்து ஏழெட்டு வாரம் கழித்து, முதல் சுற்றில் வந்தவர்களின் கடைகளுக்கு நானே ஒரு நடை போனேன். ஆய்வுத் திட்டத்தில் இது இல்லை, சும்மா போனேன். ஆத்தங்குடிக் கல்லை வார்த்து எடுத்த அன்றே அதன் குணம் தெரியாது, காலங்காலமாக ஆட்கள் நடந்து தேய்த்த பிறகுதான் அந்த மினுமினுப்பு வரும் என்பார்கள். நாற்பது நிமிஷத்தில் நான் பார்த்தது வார்த்த அன்றைக்கு இருந்த கல்லை. காரைக்குடியில் ஒரு கடையில் என் செக்கர் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மெசேஜ் புரியாததால் இல்லை, தப்பாகச் சொன்னதாலும் இல்லை. ஜிஎஸ்டி தாக்கல் செய்கிற கடைசி நாளில், அவர்களுடைய பழைய மெஷினில் அது ஒவ்வொரு முறையும் நாற்பது விநாடி எடுத்திருக்கிறது, சீனியர் அன்றைக்கு மட்டும் என்று அணைத்திருக்கிறார், அப்புறம் போட யாருக்கும் ஞாபகமில்லை. என் லேப்டாப்பில் அது மூன்று விநாடி. வேகத்தைப் பற்றி என் படிவத்தில் ஒரு கேள்விகூட இல்லை, ஏனென்றால் சோதனைக்கு எல்லாருக்கும் என் லேப்டாப் மாதிரியானதைத்தான் வாடகைக்கு எடுத்துக் கொடுத்திருந்தேன்.

தேவகோட்டைக் கடைக்குப் போக எனக்குக் கூச்சமாக இருந்தது, பதினைந்து நிமிஷத்தில் எல்லாவற்றையும் ‘டைப் இக்னோர்’ போட்டு முடித்தவர் இருக்கிற கடை. போனேன். செக்கர் ஓடிக்கொண்டிருந்தது. முதல் சுற்றில் கொடுத்த அதே பழைய பதிப்பு, நான் பின்னால் அனுப்பிய எதையும் அவர்கள் ஏற்றவில்லை. ஆனால் திரையில் வந்த மெசேஜ் என்னுடையதாக இல்லை.

“அது என்னண்ணே, டைமென்ஷன் டைமென்ஷன்னு வந்துச்சு, புதுசா வந்த பையன் ஒருத்தனுக்கும் புரியல. உள்ள போய் நாங்களே மாத்திட்டோம். தப்பா எடுத்துக்காதீங்க.”

சிவப்புக் கோட்டுக்குக் கீழே தமிழில் இருந்தது: ‘கிராம் வர வேன்டிய இடத்துல பவுன் வந்திருக்கு. எட்டால பெருக்கனுமா பாருங்க.’

‘டைப் இக்னோர்’ எத்தனை இடத்தில் இருக்கிறது என்று தேடிப் பார்க்கச் சொன்னேன். மூன்று இடம், மூன்றுக்கும் பக்கத்தில் காரணம் எழுதியிருந்தார்கள். அடுத்த பதிப்பில் அவர்கள் வாக்கியத்தையே வைத்துவிட்டேன், எழுத்துப்பிழையை மட்டும் திருத்தினேன்.